கயிறு பிடித்தால் ஒரு பங்கு

மார்த்தாண்டத்தில் இறங்கியதும் முதலில் மகளைப் பார்த்தேன். இருந்தாள். முதுகுப்பை இருந்தது, சக்கரப் பெட்டி இருந்தது, மருந்துப் பை இருந்தது. பேருந்து முனை திரும்பி மறைந்த பிறகுதான் ஓவியச் சுருள் நினைவுக்கு வந்தது.

சிங்கப்பூரிலிருந்து விமானத்திலும், திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை வரை ஒரு பேருந்திலும், அங்கே மாறி ஏறிய இன்னொன்றிலும் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்த சுருள். கடைசியில் தூங்கி விழுந்த மகள் இனியாவைத் தோளில் சாய்ப்பதற்காகத்தான் அதை மேல்தட்டில் வைத்தேன். வாடகைக் கார் எடுத்துக்கொள் என்று கணவர் சொல்லியிருந்தார். எடுத்திருக்கலாம்.

என்னை அழைத்துப் போக ஆட்டோவோடு வந்திருந்த ஷெர்லி சிரித்தாள்.

"பிள்ளையை எறக்கினியா, அது போதும் ஏட்டி. வண்டி வடசேரி ஸ்டாண்டிலதான் போய் நிக்கும். உனக்க சுருளும் அங்கதான் நிக்கும். நாளைக்குப் போய் எடுப்போம்."

ஷெர்லியும் நானும் கும்பகோணத்தில் ஒன்றாக ஓவியம் படித்தவர்கள். நான் திருமணமாகிச் சிங்கப்பூர் போனேன். அவள் சொந்த ஊரில் பள்ளி ஓவிய ஆசிரியை ஆனாள். முட்டத்துக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊர் அது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், எழுதவில்லை. அங்கே மீன் ஏலக்கூடத்தை ஒட்டி நீளமான மதில் ஒன்று உண்டு. ஒரு முகம் கடலுக்கு, மறுமுகம் ஊரார் கோயில் என்று சொல்லும் தேவாலயத்துக்குப் போகும் சாலைக்கு. ஒவ்வோர் ஆண்டும் கோயில் திருவிழாவுக்கு நகரத்திலிருந்து ஒருவர் வந்து அதில் வரவேற்பு எழுதுவார். இந்த முறை மதிலை எனக்குக் கொடுங்கள், கடல் குப்பையைப் பற்றி வரைகிறேன் என்று ஷெர்லி விழாக் குழுவிடம் கேட்டிருந்தாள். நெடுநேரம் விவாதித்துச் சம்மதித்தார்களாம். நிபந்தனை உண்டு. சனிக்கிழமை மாலை தேர்பவனிக்குள் முடிய வேண்டும். ஊருக்குத் தலைகுனிவாக இருந்தால் அதற்கு முன்பே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். பிறகு ஷெர்லி எந்தச் சுவரையும் கேட்கக் கூடாது.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். கடலைக் காப்பது பற்றி அவர்களோடு எத்தனையோ படங்கள் வரைந்திருக்கிறேன். அதனால்தான் ஷெர்லி என்னை அழைத்தாள். ஆனால் இனியா பிறந்த பிறகு நான் ஆளுயரத்துக்கு மேல் எதையும் வரைந்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

இரவு மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். கிழங்கை வேகவைத்து மசித்து, மேலே குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். நான்கு வயது இனியாவுக்குக் காரம் ஆகாது என்று பயந்து தயிர் கேட்டேன். அவள் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே இருந்தாள். வயிற்றுக்கு ஏதாவது ஆகுமோ என்று விழித்துக் கிடந்தவள் நான் மட்டும்தான்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர் போனால் எங்கள் குப்பையை எங்கள் பையிலேயே கட்டிவிடுவேன். அன்றும் வெட் வைப்ஸ், பிஸ்கட் உறைகள், இனியாவின் இரவு டயப்பர் எல்லாவற்றையும் எங்கள் வீட்டருகே உள்ள பேரங்காடியின் சிவப்புப் பையில் திணித்து, இரண்டு காதுகளையும் இழுத்து இருமுறை முடிச்சிட்டேன். காலையில் அதைத் தெருமுனைச் சிமெண்டுத் தொட்டியில் போட்டபோது பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் அடுக்குமாடியில் சுவரில் ஒரு மூடி இருக்கும். திறந்து பையைப் போட்டால் குழாய் வழியாக அது கீழே போகும் சத்தம் கேட்கும். பிறகு அது நம்முடையது அல்ல. தொட்டியும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

அதே காலையில் வடசேரிக்குப் போனோம். சுருள் நேரக் காப்பாளர் அறையில் விரிந்து கிடந்தது. நான்கு மூலையிலும் பாரம். ஒரு மூலையில் பூட்டு, ஒன்றில் ரசவடைத் தட்டு. பேருந்துக்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"துப்பாக்கியா இருக்குமோன்னு தொறந்து பாத்தோம்மா" என்றார் நடத்துநர். "பாத்தா மீனு."

பாலித்தீன் பையில் சிக்கிய ஓர் ஆமையும், பெரிய கண்ணீர்த் துளியோடு ஒரு மீனும் என் வடிவமைப்பில் இருந்தன. ஓர் ஓட்டுநர் அந்த மீனைக் குனிந்து பார்த்தார்.

"இது எதுக்கு அழுகு?"

"வெலை கொறைஞ்சிருக்கும்" என்றார் நடத்துநர்.

"கடலுக்குள்ள கெடந்து அழுதா கண்ணீரு எப்படிலே வெளியத் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுருளைச் சுருட்டும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்துச் சுருட்டினேன். சந்தையில் மட்டி வாழைப்பழம் வாங்கினோம். விரல் நீளம்தான். வாசனைக்காகவே இனியா சீப்பில் பாதியைத் தின்றாள். ஊர் வந்து சேர்வதற்குள் எனக்குத் தைரியம் திரும்பியிருந்தது. கையில் தூரிகை இருந்தால் நான் சரியாகிவிடுவேன்.

மதிலின் கடல் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். மாலை வெயில் முழுதும் அங்கே விழும். கடலிலிருந்து திரும்பி வருபவர்கள் கண்ணில் முதலில் படும். ஷெர்லி கொஞ்சம் யோசித்தாள். "நீ சொன்னா செரிதான்" என்றாள். பொழுது சாய்வதற்குள் மீனுக்கு உடல் வந்துவிட்டது. தலைக்கு மேலே நீல எழுத்தில் 'கடலில் குப்பை போடாதீர்' என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

அப்போதுதான் மரியபுஷ்பம் அக்கா வந்தார். வீடு வீடாக மீன் விற்றுவிட்டு, மீன் பாத்திரமான சருவத்தை வெறுமையாக இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்று வாசித்தார்.

"ஏ சிங்கப்பூர் டீச்சரே, இது ஆருக்கு எழுதியிருக்கு?"

"எல்லாருக்கும்தான் அக்கா."

"எல்லாரும் எங்க நிக்காவ? இந்தப் பக்கம் நிக்கது நாங்க. அந்தப் பக்கம் கெடக்கது கடலு. நாங்க படிக்கதுக்கா, கடலு படிக்கதுக்கா?"

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"மீனு வேற அழுகு" என்று அவர் தொடர்ந்தார். "நாளைக்கு எனக்க சருவத்துல உள்ளதைப் பாத்து பாவம்னு சொல்லி ஒருத்தனும் வாங்க மாட்டான்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. நாங்களா குப்பை போடுகிறோம், வெளியூரிலிருந்து வந்து எங்களுக்குச் சொல்லித் தருகிறாளா என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். சற்று நேரத்தில் விழாக் குழுச் செயலாளர் பெர்னார்டு வந்தார். மெதுவாகப் பேசுகிறவர். அவருக்குப் பின்னால் ஒருவர் ஒரு வாளிச் சுண்ணாம்பையும் அதை அடிக்கும் மட்டையையும் கொண்டுவந்து மதிலோரம் வைத்தார்.

"டீச்சர், நான் வெரட்டல்லே. ஆளுக பேசுதாவ. சனிக்கிழமை எனக்க சம்பந்தி வீட்டாளுகளும் வாராவ. ஊரு மானம்னு ஒண்ணு உண்டுல்லா. பாத்துச் செய்யுங்க."

அவர் பேசியது என்னிடம். பார்த்தது ஷெர்லியை. அவள் தலையாட்டினாள்.

அன்றிரவு மழை. விடியும்போது நின்றிருந்தது.

காலையில் கரமடி இழுத்தார்கள். வலையை வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்து, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து இழுப்பது. கயிறு நீளம், இழுக்கிறவர் வரிசையும் நீளம். யாருடைய கைபேசியிலிருந்தோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இனியா கயிற்றை நோக்கி ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். கை உரிந்துவிடும், சொறிமீன் பட்டுவிடும், தொப்பி இல்லை.

"பிள்ளை பிடிக்கட்டு டீச்சர்" என்றார் சூசை அண்ணன். வலை அவருடையது. "நீங்களும் பிடியுங்க. கயிறு பிடிச்சா பங்கு உண்டு."

அது அந்தக் கரையின் வழக்கம். கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், வழிப்போக்கராக இருந்தாலும், மீனில் ஒரு கை அவருக்கு உண்டு. கேட்க வேண்டியதில்லை. நானும் பிடித்தேன். சற்று நேரத்தில் என் குதிகால் மணலில் புதைந்து, முதுகு நிமிர்ந்து, மற்றவர்களின் அசைவு எனக்கும் வந்துவிட்டது. பல வருடங்களில் இனியாவை மறந்த முதல் சில நிமிடங்கள் அவை. நினைவு வந்து திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கயிற்றின் வாலில் தொங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வலையின் மடி கரையேறியது. வெள்ளிப் பொடிபோல நெத்தோலி, கொஞ்சம் சாளை, ஒன்றிரண்டு கணவாய். அவற்றோடு ஏறக்குறைய அதே அளவுக்குப் பால் கவர்கள், மாத்திரை அட்டைகள், ஒற்றைச் செருப்பு, தெர்மோகோல், ஜவுளிக்கடைப் பைகள். நடுவில் உப்பிப் பருத்த ஒரு சிவப்புப் பை. இரண்டு காதும் இழுத்து இருமுறை முடிச்சிட்டது.

"அம்மா! நம்ம பை!"

இனியாவின் குரல் எப்போதும் தெளிவானது. கரை முழுக்கக் கேட்டது.

சூசை அண்ணன் பையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே டயப்பர் கடலைக் குடித்து ஊதியிருந்தது. மரியபுஷ்பம் அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"ஓ! நேத்து மதில்ல எழுதினது இவளுக்கேதானா! தெரியாம நான் சண்டை பிடிச்சிட்டேனே!"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். கழுத்துவரை எனக்குச் சூடேறியது. ஷெர்லி என் காதில் சொன்னாள். தெருமுனைத் தொட்டி ஓடைக்கரையில் இருக்கிறது. மழை பெய்தால் ஓடை தொட்டியை வழித்துக்கொண்டு கடலுக்குப் போகும். "எங்க வீட்டுதும் இதுலதான் கெடக்கும். தேடினா கிட்டும்."

சூசை அண்ணன் குப்பையிலிருந்து ஒரு மிட்டாய் உறையை எடுத்து மரியபுஷ்பம் அக்காவிடம் நீட்டினார். "இன்னா, உனக்க பேரனுக்க மிட்டாய்."

"ஊர்ல எல்லாப் பிள்ளையும் அதைத்தான் திங்குது" என்றார் அக்கா. ஆனால் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

பிறகு பங்கு கொடுத்தார்கள். இனியா இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். நெத்தோலி நிறைந்து வழிந்தது. குப்பையை வழக்கம்போலக் காலால் ஒதுக்கினார்கள். அலை ஏறும்போது அது மறுபடி உள்ளே போகும், அடுத்த நாள் வலையில் மறுபடி வரும். இனியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அதுக்குப் பங்கு கிடையாதா?"

சூசை அண்ணன் யோசித்தார். சிவப்புப் பையை எடுத்து, மீனைக் கொடுத்த அதே மரியாதையோடு என்னிடம் நீட்டினார்.

"உண்டு மோளே. இது உனக்க அம்மைக்க பங்கு."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? ஒரு கையில் மீன், ஒரு கையில் அது. வீடுவரை நடந்தேன். உள்ளே இருந்ததை ஷெர்லி பள்ளிக் குப்பையோடு சேர்த்து வண்டிக்குக் கொடுத்தாள். அந்த வண்டி எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வெறும் பையை அலசிக் கொடியில் காயப்போட்டேன். அடுக்களையிலிருந்து நெத்தோலி பொரியும் வாசனை வந்தது. காற்றில் ஆடிய அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு மதில் முழுவதும் ஒரே வீச்சில் தெரிந்தது.

"ஷெர்லி, அந்த மீனை நானே சுண்ணாம்பு அடிச்சு மறைக்கப் போறேன். நாம மறுபக்கம் வரையணும். சாலைப் பக்கம்."

சொன்னதைக் கேட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சனிக்கிழமைக்குள்ள முடியுமா காயத்ரி? முடியல்லன்னா மதிலு வெறுமனே நிக்கும். அதுக்குப் பொறவு எனக்கு ஒரு செங்கலுகூடத் தர மாட்டாவ. நீ விமானம் ஏறிப் போயிருவே. நான் இங்கதான் கெடக்கணும்."

"முடியும்" என்றேன். சாதாரணமாக நான் அந்தச் சொல்லைச் சொல்லும்போது உள்ளே ஒன்று எதிர்வாதம் செய்யும். அன்று செய்யவில்லை.

மீனையும் கண்ணீரையும் எழுத்துகளையும் பெர்னார்டு வைத்த வாளியைக் கொண்டே வெள்ளையடித்தேன். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கும் என்று இனியாவை அருகே விடவில்லை. அந்த வழியாக வந்து பார்த்த மரியபுஷ்பம் அக்கா, "அழுகையை நிறுத்தியாச்சா? நல்லது" என்று மட்டும் சொன்னார். போகாமல் நின்றார்.

"அக்கா, நாளைக்குக் காலையில மறுபக்கம் வந்து ஒரு நிமிஷம் நிக்க முடியுமா? உங்க நிழலை வரையணும்."

மறுநாள் காலை வெயில் சாலைப் பக்கத்தில் விழுந்தது. கரமடி இழுப்பவர்களை வரிசையாக நிற்கவைத்து, மதிலில் விழுந்த அவர்கள் நிழலைக் கரியால் கோடிட்டோம். பிறகு வண்ணம். ஆளுயர மனிதர்கள், பின்னோக்கிச் சாய்ந்து இழுக்கும் உடல்கள். மரியபுஷ்பம் அக்கா தலையில் சருவத்தோடு நின்றார். முடிந்ததும் திரும்பிப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். "எனக்க வயிறு இம்புட்டு பெருசா? கொறைச்சு வரைஞ்சா என்ன, பெயின்ட் மிச்சம்லா!" குறைத்தேன்.

இரண்டு ஆட்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் இடத்தை வெறுமையாக விட்டுக்கொண்டே போனோம். சூசை அண்ணன் ஒரு பழைய கரமடிக் கயிறு தந்தார். மதிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, வரைந்த கைகளின் உயரத்தில் அதைக் கொக்கிகளில் மாட்டினோம். எழுத்து எதுவும் இல்லை. ஏதாவது எழுதலாமா என்று ஷெர்லியும் நானும் வெகுநேரம் பேசினோம். கடைசியில் கை வலித்ததால் விட்டுவிட்டோம்.

வலையில் வந்த குப்பையை இப்போது யாரும் காலால் ஒதுக்கவில்லை. ஷெர்லியின் மாணவிகள் அலசி மணலில் காயப்போட்டார்கள். மரியபுஷ்பம் அக்காவும் மற்ற பெண்களும் அதைக் கைப்பிடி அளவாகச் செய்தித்தாளில் பொதிந்து, வலை நூலால் கட்டினார்கள். மீன் பொதிகிற அதே கட்டு.

இதைப் பற்றிப் பெர்னார்டுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. திருவிழாவுக்கு வந்த விருந்தாளி கையில் குப்பையைக் கொடுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று சனிக்கிழமை மதியம்தான் எனக்கு முழுதாக உறைத்தது. தலைகுனிவு என்றால் இதைவிட என்ன வேண்டும்? வேண்டாம், நிறுத்திவிடலாம் என்று சூசை அண்ணனிடம் சொன்னேன்.

"கயிறு கெட்டியாச்சு டீச்சர்" என்றார். "பிடிக்கவனுக்குப் பங்கு இல்லன்னு நான் சொல்ல முடியாது. அது எனக்குத்தான் கொறச்சல்."

மாலை கூட்டம் வந்தது. வண்ண விளக்குகள், செண்டை மேளம், பஞ்சு மிட்டாய். பெரிய ஊர்களில் படம் எடுத்துக்கொள்ளச் சிறகு வரைந்த சுவர்கள் இருக்கும். இந்த மதிலையும் அப்படித்தான் நினைத்தார்கள். வெற்றிடத்தில் புகுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். விலகி வரும்போது சூசை அண்ணன் எதிரே நின்றார்.

"கயிறு பிடிச்சியளா? அப்ப பங்கு உண்டு. ஊரு வழக்கம்."

மீன் என்று நினைத்து மகிழ்ச்சியாக வாங்கினார்கள். "கனமே இல்லியே, நெத்தோலியா?" என்று ஒருவர் முகர்ந்தார். பிரித்தபோது சிலர் சிரித்தார்கள், சிலருக்கு முகம் சுருங்கியது. குலசேகரத்திலிருந்து வந்த ஒருவர், "எங்க ஊர்ல ரப்பர்தான் உண்டு. எங்களுக்கும் கடலுக்கும் என்ன?" என்று கேட்டார்.

"ஒங்க ஊரு ஆறு எங்க போவுது?" என்றார் சூசை அண்ணன். அவர் யோசித்துவிட்டுப் பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஓர் இளைஞன் பொதியைச் சாலையோரம் வீசினான். மரியபுஷ்பம் அக்கா போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஓடி வந்து எடுத்துக்கொண்டான். மற்றவர்களின் பொதிகள் வீடு போய்ச் சேர்ந்தனவா, வழியில் இறங்கினவா, எனக்குத் தெரியாது.

தேர் கிளம்பும் வெடிச் சத்தம் கேட்டது. அப்போது பெர்னார்டு தம் சம்பந்தி வீட்டாரோடு வந்தார். மார்த்தாண்டத்துக்காரர்கள். பட்டும் நகையுமாகச் சம்பந்தியம்மாள், வெள்ளை வேட்டியில் அவர் கணவர். சம்பந்தியம்மாளுக்கு மதில் பிடித்துவிட்டது. கயிற்றைப் பிடித்து, மரியபுஷ்பம் அக்காவின் சித்திரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றார். கணவர் படம் எடுத்தார். ஷெர்லி என் மணிக்கட்டைப் பிடித்தாள். சூசை அண்ணன் முதல்முறையாகத் தயங்கினார். பெர்னார்டின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஏதோ குடுக்காவளே, எனக்கு இல்லியா?" என்றார் சம்பந்தியம்மாள்.

இனி மறுக்க முடியாது. பொதி கைமாறியது. அவர் அங்கேயே நூலை அவிழ்த்தார். கசங்கிய ஒரு ஜவுளிக்கடைப் பை, இரண்டு பால் கவர்கள். கணவரின் முகம் கறுத்தது. பெர்னார்டு ஓர் அடி பின்வாங்கி, மதிலோரம் இன்னும் கிடந்த சுண்ணாம்பு வாளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சம்பந்தியம்மாள் பையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார்.

"இது நம்ம மோளுக்குக் கல்யாணச் சேலை எடுத்த கடைக்க கவருல்லா!"

பையைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"நான்லா கூட ஒரு கெட்டுக் கவரு கேட்டு வாங்கினேன், தாம்பூலம் போட்டுக் குடுக்கதுக்கு." அவர் பெர்னார்டைத் திரும்பிப் பார்த்தார். "கல்யாணம் முடிஞ்ச பொறவு மண்டபத்துக் குப்பையெல்லாம் எங்க கொண்டு தட்டினிய சம்பந்தி?"

"அது... சமையல்காரம்மாரு கொண்டு..." பெர்னார்டு ஓடை இருக்கும் திசையில் கையைத் தூக்கிவிட்டு, பாதியில் இறக்கிக்கொண்டார்.

சம்பந்தியம்மாள்தான் முதலில் சிரித்தார். வளையல் குலுங்கும் சிரிப்பு. அவர் சிரித்த பிறகு கணவர் சிரித்தார். அவர்கள் சிரித்த பிறகுதான் ஊர் சிரித்தது. பெர்னார்டு மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு வெற்றிடத்தில் போய் நின்று கயிற்றைப் பிடித்தார். அவருக்கு இழுக்கத் தெரிந்திருந்தது. குதிகாலை ஊன்றிய விதத்திலேயே தெரிந்தது.

"சூசை, எனக்கும் ஒண்ணு குடு."

தேர் மதிலைக் கடந்து போனது. மெழுகுவர்த்தி பிடித்தவர்கள் பலருடைய மறுகையில் செய்தித்தாள் பொதி இருந்தது. இனியா என் தோளில் தூங்கிவிட்டாள். கூட்டம் கலைந்த பிறகு பெர்னார்டு வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் மிச்சம் கெடக்கு போல" என்றார் ஷெர்லியிடம். "பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு பாசிபிடிச்சுக் கெடக்கு. லீவு முடியதுக்கு முன்ன வெள்ளை அடிச்சிரு."

ஷெர்லியும் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடிச்சிட்டு என்ன வரையணும்னு நீயே பாத்துக்க. எங்கிட்ட வந்து கேக்கண்டாம்." வாளியை அவரே தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் வாளியைக் கீழே வைக்காமல் வீடுவரை சுமந்தாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை.

திரும்பும்போது திருவனந்தபுரம்வரை காரில் போனோம். சுருளை ஷெர்லியிடமே விட்டுவிட்டேன், பின்பக்கம் வரையலாம். விமான நிலையச் சோதனையில் என் கைப்பையை நிறுத்தினார்கள். செய்தித்தாளில் பொதிந்து வலை நூலால் கட்டிய ஒன்றை அதிகாரி வெளியே எடுத்தார். என் பங்கை மரியபுஷ்பம் அக்கா தம் கையாலேயே கட்டிக் கொடுத்திருந்தார்.

உள்ளே மீனா என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார். எப்படி விளக்குவது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். இனியா எக்கி நின்று, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"மீனை அங்கேயே சாப்பிட்டாச்சு. இது மீதிப் பங்கு."